சதுர உலகத்துச் சட்டம்

சென்ற கோடை விடுமுறையில் நமது இல்லத்தில் ஒரு பெரிய வியாஜ்யம் நடந்தது. வாதி, நம் தங்கையின் மகள், வயது 11. பிரதிவாதி, அவளுடைய கூடப் பிறந்த தமையன்; வயது 15. வழக்கு, ஒரு வைரக் குந்தாலியைப் பற்றியது. நம் தங்கையிடம் வைரம் என்று இருப்பது ஒரே ஒரு ஜோடித் தோடுதான். அதுவும் பாங்கியில் பத்திரமாக இருக்கிறது. ஆகையால் ‘வைரக் குந்தாலி’ என்ற சொல் காதில் விழுந்ததும் நாம் திடுக்கிட்டுப் போனோம். விசாரித்ததில், குந்தாலி இருந்தது கம்ப்யூட்டருக்குள் என்றும், அது எரிமலைக் குழம்பில் விழுந்து பொசுங்கிவிட்டது என்றும் தெரிய வந்தது.

“இவ்வளவுதானா? இன்னொன்று செய்து கொண்டால் போகிறது!” என்றோம்.

அப்போது அந்தக் குழந்தை நம்மைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பள்ளிக்கூடத்தில் நாம் பல தடவை பார்த்திருக்கிறோம். ‘இந்த மனிதருக்கு விஷயம் புரியவில்லை’ என்று மாணாக்கர்கள் மனத்திற்குள் தீர்மானித்துக் கொள்ளும்போது முகத்தில் தோன்றும் பார்வை அது. புரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்வது உபாத்தியாயர்களுக்குப் பழக்கமான காரியந்தான். ஆயினும் இந்தத் தடவை ஒரு மாறுதலாக, விஷயத்தை முதலில் தெரிந்து கொள்ளலாமே என்று தோன்றியது. இரண்டு மாலைப் பொழுதுகள் பிள்ளைகளோடு அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தோம். கற்றுக் கொண்டதை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் உள்ள வீடுகளில் இன்று இந்த வியாஜ்யம் ஏதாவது ஒரு ரூபத்தில் வராமற் போகாது.

* * *

விளையாட்டின் பெயர் மைன்கிராஃப்ட். ஸ்வீடன் தேசத்தைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்ஸன் என்பவர் 2009-ம் வருஷத்தில் இதை முதன் முதலாக வெளியிட்டார். பூர்த்தியான பதிப்பு 2011-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் வந்தது. ஸ்டாக்ஹோம் நகரத்திலுள்ள மொஜாங் என்னும் அவருடைய கம்பெனியை 2014-ல் மைக்ரோஸாஃப்ட் கம்பெனியார் 250 கோடி டாலர் கொடுத்து வாங்கிக் கொண்டார்கள். முப்பது கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றாகிவிட்டது என்று 2023-ல் அறிவித்தார்கள்.

இந்த விளையாட்டில் ஜயித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. கட்டி கட்டியாய் அமைந்த ஓர் உலகம்; மண்ணும் மரமும் மலையும் எல்லாம் கட்டிகளே. சூரியன் கூட அங்கே சதுரந்தான். தோண்டலாம், கட்டலாம், பயிர் செய்யலாம், ஆடு மாடு வளர்க்கலாம். ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்த நாள் என்பது நம் கடிகாரத்தில் 20 நிமிஷம். இருட்டினால் பிசாசுகள் கிளம்பும். அவற்றுக்குப் பயந்து வீட்டுக்குள் ஒடுங்குவதும், விடிந்ததும் வெளிக்கிளம்பி வேலை பார்ப்பதுமாகப் பொழுது போகிறது. நம் முன்னோர்கள் வாழ்ந்த வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படித்தானே?

இதைத் தனியாகவும் ஆடலாம். பலர் கூடியும் ஆடலாம். பலர் கூடி ஆடுவதற்கு, உலகத்தை ஒரு கம்ப்யூட்டரில் வைத்து நடத்தி வர வேண்டும். அதற்கு ஸெர்வர் என்று பெயர். நம் தங்கை மகன் நடத்தி வந்த ஸெர்வரில் மொத்தம் ஏழு பேர். அவன், அவன் தங்கை, பள்ளித் தோழர்கள் நால்வர், மதுரையிலுள்ள அவர்களுடைய பெரியப்பாவின் பெண் ஒருத்தி. இவர்களில் ஆறு பேர் பிரஜைகள். இவன் ஒருவன் நிர்வாகி. நிர்வாகிக்கு அவர்களுடைய பரிபாஷையில் ‘ஆப்’ என்று பெயர்.

இந்த ‘ஆப்’பின் அதிகாரத்தைக் கேட்டால் தேவேந்திரனுக்கே பொறாமை உண்டாகும். சூரியனை நடு வானத்தில் நிறுத்தி விடலாம். மழையே கிடையாது என்று ஆக்ஞை இடலாம். மலை உச்சியிலிருந்து விழுந்தாலும் எலும்பு முறியாது என்று விதிக்கலாம். 2012-ம் வருஷத்துப் பதிப்பிலிருந்து இதற்கென்றே ‘கேம்ரூல்’ என்னும் கட்டளை ஒன்று இருந்து வருகிறது. ஒரு வரி தட்டினால் போதும். பிரகிருதியின் சட்டம் மாறிவிடும்.

* * *

சட்டத்தை மாற்றுவது இவ்வளவு சுலபமாக இருந்தால் உலகம் சுவர்க்கமாகி விடாதா என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் கேட்டோம். பிள்ளைகள் சிரித்துவிட்டு, ஒவ்வொன்றாக விளக்கினார்கள்.

முதலில் தீயை எடுத்துக் கொள்வோம். மர வீட்டில் கணப்பு மூட்டினால் தீ சுவருக்குத் தாவி வீடே சாம்பலாகிவிடும். ஆகவே தீ பரவும் விதியை நிறுத்தி வைக்கிறார்கள். நெடுங்காலம் இருந்து வந்த ஏற்பாட்டின்படி, அந்த விதியை நிறுத்தினால் தீ பரவுவதும் நின்றது. பற்றிய தீ தானாக அணைவதும் நின்றது. பரவுவதும் அணைவதும் ஒரே விதியின் இரண்டு கைகளாக இருந்தபடியால், ஒன்றைக் கட்டியதும் மற்றதும் கட்டுண்டு போயிற்று.

அடுத்தபடியாக, ‘க்ரீப்பர்’ என்று ஒரு பச்சை நிற ஜந்து இருக்கிறது. ஓசைப்படாமல் பின்னால் வந்து நின்று, ‘உஸ்’ என்று சீறி, வெடித்து விடும். ஒரு மாதம் பாடுபட்டுக் கட்டிய மாளிகையில் பெரும் பள்ளம் விழும். இதைத் தடுக்கவும் ஒரு விதி உண்டு. ஜந்துக்கள் உலகத்தைக் கலைக்கக் கூடாது என்று விதித்தால், க்ரீப்பர் வெடித்தாலும் சுவர் பெயராது. ஆனால் அந்த உலகத்தில் கிராமவாசிகளும் இருக்கிறார்கள். அறுவடை செய்வதும், கீழே கிடக்கும் தானியத்தைப் பொறுக்கிக் கொள்வதும் அவர்களுடைய தொழில். விதியின் கண்ணுக்குக் கிராமவாசியும் ஒரு ஜந்துதான்! வெடிக்கிற கொடியவனுக்குப் போட்ட தடை, கதிர் அறுக்கிற குடியானவனையும் சேர்த்துக் கட்டிப் போட்டுவிடுகிறது. சட்டம் எழுதுகிறவர்கள் ஒரு சொல்லைக் கொஞ்சம் அகலமாக எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல பாடம் எந்தச் சரித்திர புஸ்தகத்திலும் நாம் கண்டதில்லை.

மூன்றாவது, விளைச்சல். கம்ப்யூட்டரில் ஆடும் ஜாவாப் பதிப்பில், உலகம் விநாடிக்கு 20 தடவை மூச்சு விடுகிறது. பக்கத்துக்கு 16 கட்டியாக 4,096 கட்டிகள் அடங்கிய ஒவ்வொரு கூறிலும், ஒரு மூச்சுக்கு மூன்று கட்டிகளைக் குலுக்கிப் போட்டு எடுப்பது போல் எடுத்து, ‘நீ வளரலாம்’ என்று அனுமதிக்கிறது. அந்த மூன்று என்ற எண்ணை உயர்த்தினால் பயிர் வேகமாய் வளரும். இவர்கள் ஒரு சமயம் மூன்றை 300 ஆக்கிப் பார்த்தார்களாம். ஒரே மாலையில் களஞ்சியம் நிரம்பி வழிந்தது. ஆனால் கம்ப்யூட்டர் திணறியது. மறு நாள் முதல் வயலுக்குப் போக ஒருவருக்கும் மனமில்லை. “அதற்கு அப்புறம் அறுவடை என்றாலே சலிப்பாகப் போய்விட்டது, மாமா!” என்றாள் சிறுமி. பழையபடி மூன்றாக்கினார்கள்.

எல்லாவற்றிலும் ருசிகரமானது தூக்கத்தைப் பற்றிய விதி. படுக்கையில் படுத்துத் தூங்கினால் இரவு கழிந்து உடனே விடியும். ஆனால் அந்தச் சமயம் ஸெர்வரில் இருப்பவர்கள் எல்லோரும் தூங்கினால்தான் விடியும் என்பது ஆதியிலிருந்து வந்த சட்டம். ஆறு பேர் படுத்திருக்க, ஏழாவது பேர்வழி சுரங்கத்தில் ‘இன்னும் ஒரே ஒரு கட்டி’ என்று தோண்டிக் கொண்டிருந்தால், எல்லோருக்கும் இருட்டுத்தான். இதனால் எத்தனை சிநேகங்கள் முறிந்தனவோ! கடைசியில் 2021-ம் வருஷத்துப் பதிப்பில், நூற்றுக்கு எத்தனை பேர் தூங்கினால் போதும் என்பதை அந்தந்த உலகத்தாரே நிர்ணயிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். நூறு என்று வைத்தால் ஒருவர் எல்லோரையும் தடுக்கலாம். மிகக் குறைவாக வைத்தால் ஒரே ஒரு சோம்பேறி அத்தனை பேருடைய இரவையும் பறித்து விடலாம். எத்தனை பேர் சம்மதித்தால் எல்லோரும் கட்டுப்பட வேண்டும் என்னும் கேள்வி, பெரிய பெரிய ராஜ்ய சபைகளை ஆட்டி வைத்த கேள்வி. அதை இந்தப் பிள்ளைகள் படுக்கையில் படுத்தபடியே விவாதிக்கிறார்கள்!

* * *

இனி வழக்குக்கு வருவோம்.

மைன்கிராஃப்ட் உலகத்தில் இறந்தவன் மறுபடி பிழைத்துத் தன் படுக்கையருகில் எழுந்திருப்பான். ஆனால் அவன் பையில் இருந்த பண்டங்களெல்லாம் இறந்த இடத்தில் சிதறிக் கிடக்கும். அவன் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபின் ஐந்து நிமிஷம் வரையில் அவை அங்கே இருக்கும். அதற்குள் பொறுக்கிக் கொள்ளாவிட்டால் மறைந்துவிடும். எரிமலைக் குழம்பில் விழுந்து இறந்தாலோ அநேகமாக எல்லாம் அப்போதே பஸ்மந்தான். இந்தக் கஷ்டம் வேண்டாம் என்பவர்களுக்கு ‘கீப் இன்வென்டரி’ என்றொரு விதி. அதை அமுல் செய்தால், இறந்தாலும் பண்டம் கையிலேயே இருக்கும். யாரும் மாற்றாத வரையில் அது அமுலில் இராது.

விடுமுறை ஆரம்பத்தில், நம் சிறுமி பாதாளச் சுரங்கத்தில் பல நாள் தோண்டி வைரம் சேர்த்து, முதன் முதலாகத் தன் கையால் ஒரு குந்தாலி செய்து கொண்டாள். இரண்டாம் நாள் கால் தவறி எரிமலைக் குழம்பில் விழுந்தாள். குந்தாலி, கவசம், சேர்த்த வைரம் எல்லாம் போயின. அழுது கொண்டே அண்ணனிடம் போய், “இனிமேலாவது அந்த விதியை மாற்றி விடேன்” என்று கேட்டாள்.

“விதி என்றால் விதிதான். ஒருத்திக்காக மாற்ற முடியாது” என்றான் அண்ணன்.

சிறுமி கண்ணைத் துடைத்துக் கொண்டு, மறுபடி மரக் குந்தாலியிலிருந்து தொடங்கினாள்.

மூன்று வாரம் கழித்து, பையன் தனியாகப் போய் அந்த உலகத்தின் மகா நாகத்தை வதம் செய்துவிட்டு வந்தான். நாகம் இருக்கும் இடம், அடியில்லாத சூனியத்தின் மத்தியில் மிதக்கும் தீவு. அங்கிருந்து தவறி விழுந்தால் உயிரும் போகும். உடைமையும் அடியோடு போகும். இவன் கவசமெல்லாம் குலையாமல் திரும்பி வந்ததைக் கண்டு தோழர்கள் அவனுடைய வீரத்தை வானளாவப் புகழ்ந்தார்கள். அதிகமாகப் புகழ்ந்தவள் தங்கைதான்.

அடுத்த நாள் அவள் ஒரு கோபுரத்துக்குக் கூரை போட்டுக் கொண்டிருந்தவள் தவறிக் கீழே விழுந்து இறந்தாள். படுக்கையருகில் எழுந்து பையைத் திறந்து பார்த்தால், எல்லாப் பண்டங்களும் அப்படியே இருந்தன! முதலில் துள்ளிக் குதித்தாள். பிறகு யோசித்தாள். விதி எப்போது மாறிற்று? யார் மாற்றினார்கள்? எதற்காக?

நாகத்தைத் தேடிப் போவதற்கு முன்னால் அண்ணன் விதியை மாற்றியிருக்கிறான். சூனியத்தில் இரண்டு தடவை விழுந்தும் இருக்கிறான். திரும்பி வந்ததும் விதியைப் பழையபடி வைக்க மறந்து போய்விட்டான். ‘ஆப்’ இடும் கட்டளை மற்ற ‘ஆப்’புகளின் திரையில்தான் தெரியும், சாதாரணப் பிரஜைகளுக்குத் தெரியாது. அந்த உலகத்திலோ ‘ஆப்’ ஒருவன்தான்!

நாம் முதலில் சொன்ன தீர்ப்பை இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. “நிர்வாகி நினைத்தால் சூனியத்திலிருந்தே வைரக் குந்தாலி வரவழைக்கலாமாமே? தங்கைக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துவிடு. வழக்கு தீர்ந்தது” என்றோம்.

“எனக்கு வேண்டாம், மாமா. அது நான் தோண்டி எடுத்தது இல்லையே! குந்தாலி போனதற்கு அன்றைக்கே அழுது முடித்துவிட்டேன். எனக்கு ஒரு விதி, அவனுக்கு ஒரு விதி என்று வைத்தானே, அதற்குத்தான் இன்றைக்கு அழுகிறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். நான்கு நாள் அண்ணனுடன் பேசவில்லை. சாப்பாட்டுக்கு உட்காரும்போது கூட முகத்தை வேறு பக்கம் திருப்பிக் கொண்டாள். இரவு பகலாய் ஓயாமல் பேசும் இரண்டு குழந்தைகள் வாய் மூடிவிட்டால் வீடு எவ்வளவு நிசப்தமாய் இருக்கும் என்பது, அந்த நான்கு நாளில்தான் நமக்குத் தெரிந்தது.

* * *

பிற தேசத்தார் இத்தகைய உலகங்களை எப்படி ஆண்டார்கள் என்று தேடிப் பார்த்தோம். தெரிந்த வரையில் மூன்று முன்மாதிரிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, சட்டமே இல்லாத உலகம். 2010-ம் வருஷம் டிஸம்பரில் தொடங்கிய ‘2பி2டி’ என்னும் மைன்கிராஃப்ட் ஸெர்வரில் கொள்ளையடிக்கலாம், ஏமாற்றலாம், இடிக்கலாம், கேட்பார் கிடையாது. புதிதாய் வருகிறவன் வந்து இறங்கும் இடத்தைச் சுற்றி வெகு தூரத்துக்குப் பள்ளமும் பாழுமாக இருக்கும். மரத்தையும் புல்லையும் காண்பது அரிது. அதையும் விரும்பி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே வீடு கட்ட நினைப்பவன் வெகு தூரம் ஓடி ஒளிந்துதான் கட்ட வேண்டும்.

இரண்டாவது, அன்பினால் சட்டம் செய்த உலகம். கானடா தேசத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் டங்கன் என்பவர் 2013-ல் ‘ஆட்கிராஃப்ட்’ என்ற ஸெர்வரைத் தொடங்கினார். ஆட்டிஸம் உள்ள குழந்தைகள் பொது ஸெர்வர்களுக்குப் போனால், மற்றவர்கள் அவர்களைச் சீண்டுவதும், அவர்கள் கட்டியதை இடிப்பதுமாக இருந்தார்கள். அந்தக் குழந்தைகளுடைய பெற்றோர்களின் குறையைக் கேட்டு இவர் இதை ஆரம்பித்தார். அனுமதி பெற்றவர்களே உள்ளே வரலாம். திருடக் கூடாது, இடிக்கக் கூடாது, ஒருவரை ஒருவர் கொல்லக் கூடாது, பரிகாசம் செய்யக் கூடாது. 2பி2டி-யில் எதை விளையாட்டு என்கிறார்களோ அதுவே இங்கே குற்றம். ஆகவே, சட்டத்தில் நல்லது எது கெட்டது எது என்று வெறும் காகிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தச் சட்டத்தின் கீழ் வாழப் போகிறவர்கள் யார் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது முன்மாதிரி மைன்கிராஃப்டுக்கு மிகவும் முந்தியது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் வேலை பார்த்த பேவல் கர்ட்டிஸ் என்பவர் 1990-ல் ‘லாம்ப்டாமூ’ என்றோர் உலகத்தைச் சிருஷ்டித்தார். அதில் சித்திரம் கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். வந்தவர்கள் எழுத்தினாலேயே வீடு கட்டினார்கள், வம்பும் வளர்த்தார்கள். அங்கே நிர்வாகிகளுக்கு ‘மந்திரவாதிகள்’ என்று பெயர். ஓயாத பஞ்சாயத்தினால் அலுத்துப் போய், 1992-ம் வருஷக் கடைசியில், ‘இனி யந்திரத்தைப் பழுது பார்ப்பதுதான் எங்கள் வேலை, உங்கள் சண்டையை நீங்களே தீர்த்துக் கொள்ளுங்கள்’ என்ற கருத்தில் அறிக்கை விட்டு ஒதுங்கினார்கள். அதன் பின் அங்கே விண்ணப்பம், வாக்கெடுப்பு எல்லாம் ஏற்பட்டன. ஆனால் யந்திரத்தைத் தொடும் கை சண்டையைத் தொடாமல் இருக்க முடியவில்லை. 1996-ல் மந்திரவாதிகள், முழுவதும் ஒதுங்கி நிற்பது சாத்தியமன்று என்று ஒப்புக் கொண்டு திரும்பி வந்தார்கள்.

நிர்வாகியின் கையில் அதிகாரம் இல்லாமலும் முடியாது. அந்தக் கை இருட்டில் வேலை செய்தாலும் முடியாது என்பதே இந்தச் சரித்திரத்தில் நாம் கண்டது. காசுக்கு ஆசைப்படும் கையும் உண்டு. பணம் கொடுத்தவனுக்கு மாத்திரம் பலமான வாளும் கவசமும் வழங்கும் ஸெர்வர்கள் பெருகிப் போகவே, ஆட்டத்தில் அநுகூலத்தை விலைக்கு விற்கலாகாது என்று மொஜாங் கம்பெனியாரே 2014-ல் கண்டிப்பாகச் சொல்ல வேண்டி வந்தது.

* * *

இவற்றையெல்லாம் படித்துக் கொண்டிருக்கும்போது நம் வகுப்பில் நடந்த ஒரு சம்பவம் ஞாபகத்துக்கு வந்தது. நோட்டுப் புஸ்தகம் கொண்டு வராதவர்கள் பாட வேளை முடியும் வரையில் நிற்க வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தோம். எத்தனையோ பிள்ளைகள் நின்றிருக்கிறார்கள். ஒரு நாள் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறும் பையன் நோட்டு இல்லாமல் வந்து நின்றான். “சரி, இன்றைக்கு யாரும் நிற்க வேண்டாம், எல்லோரும் உட்காருங்கள்” என்றோம். நம் மனத்தில் அது தாராளமாகத் தோன்றியது. கடைசி பெஞ்சியில் முந்தின நாள் முழுதும் நின்ற பையன் ஒருவன் நம்மைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய பார்வையின் அர்த்தம், தங்கை மகள் அழுத பிறகுதான் நமக்கு விளங்கியது.

ஆகவே ஐந்தாம் நாள் பையனைத் தனியாக அழைத்து, அவனுக்கு உபதேசம் செய்யாமல் இந்தக் கதையைச் சொன்னோம். சற்று நேரம் தலையைக் குனிந்து கொண்டிருந்தான். பிறகு, “மாமா, ஸெர்வருக்கு மாதச் செலவு என் கைக்காசு. அது நின்றுபோனால் ராத்திரி உட்கார்ந்து சரி பண்ணுகிறவன் நான். இதை ஒருத்தரும் நினைத்துப் பார்ப்பதில்லை” என்றான். அதுவும் நியாயந்தான். உழைக்கிறவனுக்கு ‘எனக்கு மட்டும் கொஞ்சம் சலுகை இருக்கட்டுமே’ என்ற எண்ணம் எப்படியோ வந்துவிடுகிறது. லாம்ப்டாமூ மந்திரவாதிகளின் அலுப்பும் இதுதானே?

அன்று மாலை ஏழு பேரும் கூடினார்கள். மதுரைப் பெண் டெலிபோன் திரையில் வந்தாள். பையன் நடந்ததை மறைக்காமல் சொல்லி, தங்கையைப் பார்த்து, “நான் செய்தது தப்பு” என்றான். அந்தச் சொல்லைச் சொல்ல, நாகத்தைக் கொல்வதைக் காட்டிலும் அவனுக்கு அதிகப் பிரயாசையாய் இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

பிறகு சட்டம் இயற்றினார்கள். மாதச் செலவை ஏழு பேரும் பங்கிட்டுக் கொள்வது. மதுரைப் பெண்ணை இரண்டாவது ‘ஆப்’பாக நியமிப்பது, ஒருவர் இடும் கட்டளை மற்றவர் திரையில் தெரிந்துவிடும். எந்த விதியை மாற்றுவதானாலும் ஒரு நாள் முன்னதாக எழுதி வைத்து, பெரும்பான்மையோர் சம்மதித்தால்தான் மாற்றுவது. நிர்வாகிக்கும் ஒரே ஒரு வாக்குத்தான். தூக்கத்துக்கு நூற்றுக்கு ஐம்பது. அதாவது ஏழு பேர் இருக்கும்போது நால்வர் படுத்தால் விடியும். இவையெல்லாம் ஒரு புஸ்தகத்தில் எழுதப்பட்டு, அந்தச் சதுர உலகத்திலேயே எல்லோரும் வந்து இறங்கும் இடத்தில் ஒரு பீடத்தின் மேல் வைக்கப்பட்டன.

கடைசியாகக் ‘கீப் இன்வென்டரி’ வாக்குக்கு வந்தது. வேண்டும் என்றவர்கள் மூவர். வேண்டாம் என்றவர்கள் நால்வர். வேண்டாம் என்ற நால்வரில் நம் சிறுமியும் ஒருத்தி! ஆச்சரியப்பட்டுக் காரணம் கேட்டோம்.

“எதுவும் போகாது என்றால் பயமே இருக்காது, மாமா. பயம் இல்லாவிட்டால் சுரங்கத்தில் விளக்கு வைக்கிறதே எதற்கு?” என்றாள். சற்றுப் பொறுத்து, “ஆனால் இன்னொன்றும் எழுத வேண்டும். யாராவது செத்துப்போய்க் கூப்பிட்டால், மற்ற எல்லோரும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, ஐந்து நிமிஷத்துக்குள் பொறுக்கிக் கொடுக்க ஓடி வர வேண்டும்” என்றாள்.

“அதற்குக் கேம்ரூலில் கட்டளை கிடையாதே!” என்றான் ஒரு தோழன்.

“கட்டளை வேண்டாம். நாம் வந்தால் போதும்” என்றாள் அவள்.

அந்த ஷரத்து ஏழு வாக்குகளுடன் ஏகமனதாக நிறைவேறியது. சூரியனை நிறுத்தக் கூடிய யந்திரத்தினால் இதை மட்டும் அமுல் செய்ய முடியாது. மற்ற விதிகளை மீற முடியாதபடி யந்திரம் பார்த்துக் கொள்கிறது. இதையோ மீற முடியும். மீறாமல் இருப்பது அவர்களுடைய பொறுப்பு. இவ்வாறு ஒன்றாவது இல்லாத சட்டப் புஸ்தகம் எவ்வளவு கெட்டியாக எழுதப்பட்டாலும் வீட்டுக்கும் உதவாது, வகுப்புக்கும் உதவாது என்று நமக்குத் தோன்றுகிறது. பள்ளிக்கூடம் திறந்ததும் நோட்டுப் புஸ்தக விதியை மாணாக்கர்கள் முன்னிலையில் வைத்து, அவர்களையே திருத்தச் சொல்லப் போவதாக நாம் உத்தேசித்திருந்தோம், செய்தும் விட்டோம். அவர்கள் செய்த திருத்தம், உபாத்தியாயர் நோட்டுத் திருத்தத் தாமதித்தால் அவரும் நிற்க வேண்டும் என்பது. இதுவரையில் இரண்டு தடவை நின்றிருக்கிறோம்.

சட்டசபை கலைந்த அன்று இரவு ஒன்பதரை மணிக்கு, பாதாளத்திலிருந்து ஓர் அலறல் கேட்டது. மதுரைப் பெண் இறந்து போயிருந்தாள். அண்ணனும் தங்கையும் நான்கு நாளில் முதல் தடவையாக ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிக் கத்திக் கொண்டு, அவளுடைய பண்டங்களைக் காப்பாற்ற ஓடினார்கள். சாதம் ஆறிப்போகிறது என்று நம் தங்கை சமையலறையிலிருந்து இரைந்து கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் கழிந்ததும் அவளே வந்து பெட்டியை அணைத்துவிட்டு, இந்த வீட்டில் தூங்குவதற்கு நூற்றுக்கு ஐம்பது என்பதெல்லாம் செல்லாது, நூற்றுக்கு நூறுதான் என்று தீர்ப்பளித்தாள். அதன் பேரில் வாக்கெடுப்புக் கோர ஒருவருக்கும் தைரியம் வரவில்லை; நாமும் போய்ப் படுத்துக் கொண்டோம்.